ஜேம்ஸ் ஹாங் லீவு போட்டு நடித்த கதை

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள். மகன் சிவில் இன்ஜினீயரிங் முடித்து வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறான். "ஹீரோ மாதிரி முகம்கூட இல்லையே, யார் வாய்ப்புக் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹீரோ முகம் தேவைப்படாத வேலைதான் ஹாலிவுட்டில் அதிகம். கடைக்காரர், டாக்டர், வில்லனின் கையாள், பக்கத்து வீட்டுத் தாத்தா என்று ஒவ்வொரு கதைக்கும் ஆள் வேண்டும். இந்த வேடங்களிலேயே வாழ்நாள் முழுவதும் சம்பாதித்துக் குடும்பம் நடத்திய குணச்சித்திர நடிகர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹாங். பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். 'குங் ஃபூ பாண்டா' அனிமேஷன் படத்தில், மகன் தன் நூடுல்ஸ் கடையை எடுத்து நடத்த வேண்டும் என்று ஏங்குவாரே ஓர் அப்பா, அந்தக் குரல் இவருடையது. அந்தப் படம் வந்த 2008-இல் அவருக்கு வயது 79.

மினியாபொலிஸில் 1929-இல், சீனாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினீயரிங் முடித்தார். ஆமாம், உங்கள் மகன் படித்த அதே படிப்பு. அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் சாலைப் பொறியாளர் வேலை. அந்த வேலையில் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் இருந்தார். அந்த நாட்களில் லீவு போட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போனார். நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் நடத்திய டிவி நிகழ்ச்சியில் பிரபல நடிகர்களைப் போலப் பேசிக் காட்டிப் பேர் வாங்கினார். 1955-இல், அன்றைய பெரிய ஹீரோ கிளார்க் கேபிள் நடித்த படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. வாய்ப்புகள் வர ஆரம்பித்த பிறகுதான் வேலையை விட்டார். அந்த ஒன்றரை வருஷத்தைத்தான் உங்கள் மகன் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் பாதை சுலபமாக இல்லை. சீன முகத்துக்கு அன்று கிடைத்தது வேலைக்காரனும் வில்லனும்தான். முக்கிய ஆசியப் பாத்திரங்களை வெள்ளைக்கார நடிகர்களே மேக்கப் போட்டு நடித்தார்கள். அதனால் 1965-இல் நடிகர் மாக்கோ முதலிய சக கலைஞர்களோடு சேர்ந்து 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸின் லிட்டில் டோக்கியோ பகுதியில் அது இன்றும் இயங்குகிறது.

அவருடைய தொழில் என்ன என்று பார்க்க, 'சைன்ஃபெல்ட்' என்ற டிவி நகைச்சுவைத் தொடரில் 1991-இல் வந்த சீன உணவக அத்தியாயத்தை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். மூன்று பேர் மேஜைக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. வாசலில் நின்று மேஜை ஒதுக்கும் ஊழியராக வரும் ஹாங், எப்போது கேட்டாலும் "ஐந்து, பத்து நிமிஷம்" என்கிறார். காத்திருப்பவர்களின் பெயரைக் கூப்பிடும்போது தவிர, குரலை உயர்த்துவதில்லை. அவர் அமைதியாக இருக்க இருக்க, காத்திருப்பவர்களின் எரிச்சல் ஏறிக்கொண்டே போகிறது. சின்ன வேடம்தான், ஆனால் அவரை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயமே இல்லை. இதை இரண்டாவது முறை பார்க்கும்போது, தனக்கு வசனம் இல்லாத இடங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இப்படி நானூறுக்கும் மேற்பட்ட வேடங்கள். புகழ்பெற்ற கலைஞர்களின் பெயர்களைப் பதிக்கும் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதிக்கப்பட்டது 2022-இல், 93 வயதில். அதற்கான பணத்தை நடிகர் டேனியல் டே கிம் முன்னின்று ரசிகர்களிடம் திரட்டினார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

சரி, எல்லோரும் ஹாங் ஆகிவிட முடியுமா? முடியாது. சில வருஷம் முயன்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள்தான் மிக அதிகம். அதனால் கணக்கையும் பார்த்துவிடலாம்.

அங்கே நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு, உறுப்பினர் ஆனதும் தானாகக் கிடைத்துவிடாது. வருஷத்துக்குக் குறிப்பிட்ட அளவு சம்பாதித்தால்தான் கிடைக்கும். 26 வயது ஆகும்வரை மகனை உங்கள் காப்பீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. வேலையை விடுவதற்கு முன், இன்ஜினீயர் உரிமத்துக்கான முதல் படியான எஃப்.இ. தேர்வை எழுதி முடிக்கச் சொல்லுங்கள், பாடம் மறப்பதற்குள். பின்னால் இன்ஜினீயரிங்குக்குத் திரும்ப நினைத்தால் அது கை கொடுக்கும். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடட்டும். கலிபோர்னியா சட்டமே அதைத் தடுக்கிறது. முறையான ஏஜென்ட், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார்.

ஹாங்குக்கு இல்லாத ஒரு வசதி உங்கள் மகனுக்கு இருக்கிறது. இப்போது நடிகர் தேர்வின் முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் ஒரு விளக்கும் போனும் வைத்துச் செய்துவிடலாம், லீவே தேவையில்லை. எதிரில் நின்று மற்றவர் வசனத்தைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். அதை நீங்களே செய்யுங்கள் அம்மா. அவன் எத்தனை முறை திரும்பத் திரும்ப எடுக்கிறான், எப்போது சலித்துக்கொள்கிறான் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒன்றரை வருஷம் வேலையோடு சேர்த்து இதைச் செய்யட்டும். எத்தனை வீடியோ அனுப்பினான், எத்தனைக்குக் கூப்பிட்டார்கள், கையில் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். முதல் ஆறு மாதம் முடிந்ததும் அந்த நோட்டோடு அவனையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.