கதவு வரை போய்த் திரும்புவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். முதுகலைப் புள்ளியியல் முதலாண்டு படிக்கிறேன். பள்ளியிலும் இளங்கலையிலும் யாரிடமும் சந்தேகம் கேட்காமலே நல்ல மதிப்பெண் வாங்கியவன். இந்த செமஸ்டரில் இரண்டு பாடங்களில் திணறுகிறேன். ஒரு பாடத்துக்கான ரிப்போர்ட் பாதியில் நிற்கிறது, கெடு அடுத்த வாரம். பேராசிரியர் வகுப்புதோறும் "சந்தேகம் கேட்க ஒதுக்கிய ஆபீஸ் ஹவரில் வந்து பாருங்கள்" என்கிறார். ஒரு நாள் அவர் அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போய் என்ன சொல்வது? ஒன்றுமே புரியவில்லை என்றா?

எழுத்து மையம், கற்றல் உதவி, உளவள ஆலோசனை என்று பல்கலைக்கழகத்திலிருந்து மெயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதெல்லாம் பின்தங்கியவர்களுக்கு என்று நினைத்துத் திறந்ததே இல்லை. இப்போது சில வாரங்களாகத் தூக்கமும் சரியில்லை. கவுன்சலரிடம் போனால் ஃபைலில் ஏறிவிடும், பின்னால் வேலை கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கெடு அடுத்த வாரம் என்கிறீர்கள். முதலில் அதைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்றைக்கே பேராசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்தப் பாடம், எந்த ரிப்போர்ட், இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது, கூடுதலாக எத்தனை நாள் வேண்டும் என்று நாலு வரி. சொந்தக் கதையை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டாம். "சில வாரங்களாகத் தூக்கம் கெட்டு வேலை தேங்கிவிட்டது" என்று ஒரு வரி போதும். கெடுவுக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஆசிரியரே முடிவு சொல்லிவிட முடியும். தாண்டிய பிறகு கேட்டால் அது விண்ணப்பம், சான்றிதழ், கமிட்டி என்று போய்விடும். அவரே விரும்பினாலும் அப்போது அவர் கையில் ஒன்றும் இருக்காது.

மெயில் போட்ட கையோடு துறை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்திக்கொள்கிற ஆள் அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் என்பது என் எண்ணம். கால நீட்டிப்புக்கு எந்தப் படிவம், ஒரு பாடத்தை விட்டுவிடக் கடைசித் தேதி எது, விட்டால் உதவித்தொகை பாதிக்குமா, இதெல்லாம் பேராசிரியர்களுக்குப் பல சமயம் தெரியாது. அவர்களும் அவரிடம்தான் கேட்கிறார்கள். பாடத்தை விடும் எண்ணம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம். "இது எங்கள் வேலை இல்லை, அந்த பிளாக்கில் கேளுங்கள்" என்ற பதில் எந்த நிறுவனத்திலும் வரும். அப்படி வந்தால் அங்கேயே நின்று, அங்கே யாரைப் பார்க்க வேண்டும், அவருக்கு நீங்களே ஒரு வரி எழுதிவிட முடியுமா என்று கேளுங்கள். பெயரோடு போனால் வேலை நடக்கும். பெயர் இல்லாமல் போனால் அங்கிருந்து இன்னொரு பிளாக்குக்கு அனுப்புவார்கள்.

சரி, ஆபீஸ் ஹவர். "ஒன்றுமே புரியவில்லை" என்று சொன்னால் பேராசிரியரால் எதுவும் செய்ய முடியாது. அவர் எங்கே தொடங்குவார்? பேனா எந்த வரியில் நின்றதோ அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். புள்ளியியல் என்பதால் உங்கள் பாடத்திலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். பூஜ்யம் முதல் தீட்டா என்ற தெரியாத எல்லை வரை எல்லா எண்ணும் சம வாய்ப்போடு வரும் யூனிஃபார்ம் பரவலில், தீட்டாவை மேக்ஸிமம் லைக்லிஹுட் முறையில், அதாவது கையிலுள்ள தரவு வருவதற்கான வாய்ப்பை (லைக்லிஹுட்) மிக அதிகமாக்கும் மதிப்பைத் தேடி, மதிப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் சொன்னபடியே லைக்லிஹுட்டை எழுதுகிறீர்கள், லாக் எடுக்கிறீர்கள், டிஃபரன்ஷியேட் செய்து பூஜ்யத்துக்குச் சமமாகப் போடுகிறீர்கள். மைனஸ் n பை தீட்டா என்று வருகிறது (n என்பது தரவில் எத்தனை எண்கள் என்பது). அது பூஜ்யம் ஆகவே ஆகாது. எங்கே தப்பு என்று ராத்திரி முழுக்கத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். தாளில் தப்பே இல்லை. அதைப் பேராசிரியர் பார்த்தால், "உன் கையில் இந்தத் தரவு இருக்கும்போது தீட்டா எவ்வளவு சின்னதாக இருக்க முடியும்?" என்று ஒரு கேள்விதான் கேட்பார். தீட்டா குறையக் குறைய லைக்லிஹுட் ஏறும், ஆனால் தரவிலுள்ள மிகப் பெரிய எண்ணுக்குக் கீழே தீட்டா போக முடியாது, எனவே உச்சம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது, விடையே அந்த எண்தான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். டிஃபரன்ஷியேஷன் இங்கே உதவாது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க, நீங்கள் எந்த வரியில் நின்றீர்கள் என்று அவர் பார்த்தாக வேண்டும். நல்ல ஆசிரியருக்கு உங்கள் விடையைவிட உங்கள் அடித்தல் திருத்தல்தான் அதிகம் சொல்லும். எனவே சுத்தமாக நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம் வேண்டாம். அந்த நேரம் அவருடைய வேலை நேரத்தில் மாணவர்களுக்காக ஒதுக்கியது. தேர்வுக்கு முந்தின வாரம் வரிசை நிற்கும், மற்ற வாரங்களில் பெரும்பாலும் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். இன்னொரு லாபமும் உண்டு. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போது, அறுபது பேரில் ஒருவராக உங்களைத் தெரிந்தவரால் ஒன்றும் எழுத முடியாது. எந்த இடத்தில் சிக்கி எப்படி வெளியே வந்தீர்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவரால் எழுத முடியும்.

அடுத்து, "பின்தங்கியவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். இதோடுதான் எனக்கு நேரடியாகச் சண்டை. 1973இல் கன்சாஸ் சிட்டியிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் ஒரு கற்றல் உதவித் திட்டத்தைத் தொடங்கினார். சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று பெயர். இன்று பல நாடுகளில் அதே மாதிரியில் நடக்கிறது. அதில் பலவீனமான மாணவர் யார் என்று தேடுவதே இல்லை. எந்தப் பாடத்தில் நிறையப் பேர் தோற்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பாடத்தை எடுத்த எல்லோருக்கும் கதவைத் திறந்து வைப்பார்கள். அதே பாடத்தை முன்பே நன்றாக முடித்த ஒரு மாணவர், மறுபடியும் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவார். அதாவது பாடம் கடினம் என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டுதான் அந்த ஏற்பாட்டைச் செய்கிறது. உங்கள் இரண்டு பாடங்களில் ஏதாவது ஒன்றுக்கு இப்படி ஒன்று இருக்கிறதா என்று அந்தத் திறக்காத மெயில்களில் தேடிப் பாருங்கள்.

எழுத்து மையத்துக்கு உங்கள் பாதி ரிப்போர்ட்டை அப்படியே கொண்டுபோங்கள். முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், பாதியில் போவதுதான் பயன். அங்கே போனால் பிழை திருத்தித் தருவார்கள் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். பெரும்பாலான மையங்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. உரக்கப் படிக்கச் சொல்வார்கள், நடுவே நிறுத்தி, "இந்த அட்டவணையை எதற்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்பார்கள். நீங்கள் வாயால் சொல்கிற பதில் ரிப்போர்ட்டில் எங்கேயும் இருக்காது. உடனே எழுதிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டில் விட்டுப்போன பத்தி அதுதான்.

நூலகத்தை நீங்கள் குறிப்பிடவே இல்லை. வாசகருக்குத் தேடிக்கொடுப்பதும் நூலகரின் வேலைதான் என்று சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க நூலகர் 1876லேயே வாதாடினார். இன்றைக்கும் மாணவர்கள் கூகுளில் மூன்று மணி நேரம் தேடிக் களைத்துப்போகிறார்கள், எட்டடி தள்ளி மேசையில் இருப்பவரிடம் கேட்பதில்லை. உங்கள் துறைக்கென்றே ஒரு நூலகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடும் பல இடங்களில் இருக்கிறது.

கடைசியாக, கவுன்சலர். நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் கேள்விப்பட்ட கதை. ஆலோசனைக் குறிப்புகளை மதிப்பெண் பதிவுகளிலிருந்து தனியாக வைப்பதுதான் பொதுவான நடைமுறை. மதிப்பெண் பட்டியலில் அது வராது. ரகசியத்துக்கு எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது சட்டம் கட்டாயப்படுத்தினால், அவர் வெளியே சொல்ல வேண்டிவரும். எதெல்லாம் இந்த அறையை விட்டுப் போகும், குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்று முதல் சந்திப்பில், உங்கள் விஷயத்தைத் தொடங்கும் முன்னாலேயே கேளுங்கள். ஒழுங்கான ஆலோசகர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார், பாதி நேரம் அவரே முதலில் சொல்லிவிடுவார். முன்பதிவுக்குப் பல இடங்களில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த வாரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் தூக்கம் சரியாகிவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். காத்திருக்க முடியாத நிலை என்று உங்களுக்கே தோன்றினால், அவசரம் என்று சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் அதற்கென்று தனி நேரம் வைத்திருப்பார்கள். மாணவர் மருத்துவ மையத்திலும் ஒரு டாக்டரைப் பாருங்கள். தூக்கம் கெடுவதற்கு உடம்பில் காரணம் இருக்கலாம். முதலில் அமைகிற கவுன்சலர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.