அடுப்படி அலமாரி தினமும் துடைத்தும் ஏன் பிசுபிசுக்கிறது?

அது வெறும் தூசி அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு. சமைக்கும்போது காற்றில் கிளம்பும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் சுவரிலும் மசாலா டப்பா மூடியிலும் படிந்து இறுகிப்போனதுதான் அது.

காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் சட்டென்று ஆவியாகிறது. அந்தச் சடசடப்பில்தான் எண்ணெய் மேலே தெறிக்கிறது. படிந்த எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து தடித்துக்கொண்டே போகும். கதவுக்கு அடித்த ஆயில் பெயிண்ட் இறுகுவதும் இதே சங்கதிதான். அப்புறம் மஞ்சள்தூள், மாவு, தூசி எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும், கரப்பானுக்கு விருந்து.

கோலாலம்பூர் தரைவீடுகள் பலவற்றில் பின்னால் தனியாக வெட் கிச்சன், அதாவது தாளிப்பு, வதக்கலுக்கென்றே இன்னொரு அடுப்படி, இருக்கும், தப்பித்தார்கள். அடுக்குமாடியில் அதற்கு இடமேது? சாயங்கால மழைக்கு ஜன்னலையும் சாத்திவிட்டுச் சம்பல் வதக்கினால், அத்தனையும் வீட்டுக்குள்ளேதான்.

அதனால் இறுகுமுன் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். வெறும் ஈரத்துணி எண்ணெயை இழுத்துப் பரப்பத்தான் செய்யும். வெந்நீரில் கொஞ்சம் பாத்திர சோப்பு விடுங்கள். சோப்பு ஒரு பக்கம் எண்ணெயையும் மறுபக்கம் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு பிசுக்கைக் கிளப்பிவிடும். அதில் துணியை நனைத்துத் துடையுங்கள். பழைய பிசுக்கென்றால் அந்தத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவிடுங்கள்.

வினிகரில் பேக்கிங் சோடாவைக் கலந்தால் பொங்குகிறதே, அந்த நுரைதான் பிசுக்கைக் கரைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் வரும் வாயு அது, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.