மோட்டரை நிறுத்தியும் ட்ரிப் சுவிட்ச் விழுவது பற்றி

வணக்கம். மழை பெய்த மறுநாள், கிணற்று மோட்டருக்குரிய பிரேக்கரை இறக்கிய பின்னும் கிளிநொச்சியிலுள்ள உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுவதாக எழுதியிருந்தீர்கள். ஒருமுனைப் பிரேக்கர் மின்னேறிய கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) இணைந்தே இருக்கும் என்பதால், மோட்டருக்குப் போகும் புதைத்த கேபிளில் நியூட்ரலின் காப்புறை கிழிந்து ஈரமண்ணைத் தொட்டிருந்தால், வீட்டின் மற்றச் சாதனங்களிலிருந்து திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி நிலத்தின் வழியே போய்விட, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் போகும், திரும்பும் மின்னோட்டங்களுக்கிடையிலான அந்த வேறுபாட்டை உணர்ந்து விழுகிறது. (தோட்டத்து மண்வெட்டிதான் என் முதல் சந்தேகம்.) மண் காய்வதற்கு முன்னரே, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பிரதான சுவிட்சை நிறுத்தி, அந்தக் கேபிளின் இரு கம்பிகளையும் இரு பக்கமும் கழற்றி, 500 வோல்ட் மெகரால் (காப்புத்தடையை அளக்கும் கருவி) ஒவ்வொன்றையும் நிலத்தோடு அளக்கச் செய்யுங்கள், 1 மெகாஓமுக்குக் குறைந்தால் பழுது பெரும்பாலும் அங்கேதான். அதுவரை ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரே இணைக்க எவர் சொன்னாலும் இணங்காதீர்கள்.