கரண்ட் போனாலும் வீட்டைச் சூடாக வைக்க எந்த விறகு அடுப்பு நல்லது?

ஒன்ராறியோவில் 1,500 சதுர அடி வீடு, பனிப்புயலில் கரண்ட் போனாலும் சூடு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் பெல்லட் அடுப்பை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிப்பது) விட்டுவிடுங்கள். அந்த உருளைகளை உள்ளே தள்ளும் கருவிக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். கட்டை விறகு போடும் அடுப்புதான் சரி.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதுதான் வழக்கமான கோளாறு. வீடு கொதிக்கிறதே என்று காற்றுத் திறப்பை ஒடுக்குவார்கள். விறகு எரியாமல் புகையும்; அந்தப் புகை குழாயின் உட்சுவரில் தார் போலப் படியும். அதுதான் கிரியோசோட். ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். குளிர் புகாதபடி நன்றாக அடைத்த வீடென்றால் சுமார் 2 கன அடி எரியறை போதும். மேல்தட்டு சமமாக இருந்தால் கஞ்சியும் வைத்துக்கொள்ளலாம்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஈரமானியை வெளிப்பக்கம் குத்தினால் ஏமாற்றும். கட்டையைப் பிளந்து, புது முகத்தில் குத்திப் பாருங்கள். ஓக் மர விறகு காய இரண்டு வருடமாவது பிடிக்கும்.

புகைபோக்கி கூரையைவிட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி கூடுதலாக. அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் ஒற்றைச்சுவர் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 18 அங்குலம் இடைவெளி வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் 'வெட்' (WETT, விறகு அடுப்புகளைச் சோதிப்பவர்களுக்குச் சான்று தரும் கனடிய அமைப்பு) பரிசோதனை அறிக்கை கேட்கும், வாங்குமுன்பே பேசிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.