ஒரு வருட மளிகையை இப்போதே வாங்கி வைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமியார். போர், வறட்சி, ஏற்றுமதித் தடை என்று தினமும் ஏதாவது ஒரு செய்தி வருகிறது. மளிகைச் செலவோ மாதா மாதம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் ஒரு வருடத்துக்குத் தேவையான அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், டின் உணவு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அவசரத்துக்கென்று நான்கு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கிறது. அதில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதித் தொகையைக் கிரெடிட் கார்டில் தவணையாகக் கட்டலாம். பெரிய ஃப்ரீசர் ஒன்றும் வாங்க எண்ணம். விலை ஏறுகிற காலத்தில் இது வங்கி வட்டியைவிட நல்ல லாபம் என்பது என் கணக்கு. கணவர் வீண் பயம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. அதை வீண் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். வீட்டில் உணவு இருப்பு வையுங்கள். ஆனால் ஒரு வருடத்துக்கு வேண்டாம், ஆறு வாரத்துக்குப் போதும். அதற்கு அவசரப் பணத்தைத் தொடாதீர்கள். கடனில் ஒரு கிலோ பருப்புகூட வாங்காதீர்கள்.

முதலில் அந்த லாபக் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 1,200 செலவாகும் உலர் மளிகையை இன்றே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் விலை 8 சதவீதம் சீராக ஏறுகிறது. உங்களுக்கு மிச்சம் 8 சதவீதம் என்றுதான் தோன்றும். உண்மையில் கிடைப்பது அதில் பாதிதான். முதல் மாதம் சாப்பிடுவதற்கு விலை இன்னும் ஏறியிருக்கவே இல்லை. கடைசி மாதத்தில் சாப்பிடுவதற்குத்தான் முழு 8 சதவீதம் மிச்சமாகிறது. சராசரியாக 4 சதவீதம், அதாவது 48. பூச்சி, ஈரம், சிக்குவாடை, காலாவதி என்று வாங்கியதில் இருபதில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால் இழப்பு 60. லாபம் அங்கேயே முடிந்துவிட்டது.

இதையே வருடத்துக்கு 24 சதவீத வட்டியில் கடன் வாங்கிச் செய்தால்? மாதா மாதம் சமமாக அசலை அடைத்துவந்தாலும் சராசரி நிலுவை 600 இருக்கும். வட்டி 144. 48 மிச்சம் பிடிக்க 144 வட்டி கட்டுவதை எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்ல மாட்டேன். பல நாடுகளில் கிரெடிட் கார்டு வட்டி இதைவிடவும் அதிகம். தவணைக்கு வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்தாலும் செயலாக்கக் கட்டணம், அதற்கான வரி, ஒரு தவணை தவறினால் அபராதம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. வங்கி வட்டிக்குப் பல நாடுகளில் வருமான வரி உண்டு. குறைந்த விலைக்கு வாங்கி மிச்சம் பிடித்ததற்கு வரி இல்லை. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பருப்பு 10 சதவீதத் தள்ளுபடியில் வருகிறது, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால், சராசரியாக ஒரே மாதம் முடங்கும் பணத்துக்கு 10 சதவீதம் கிடைக்கிறது. எந்த வங்கியும் இப்படித் தராது. ஆக, மளிகையில் பணம் மிச்சமாவது இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பதைச் சீக்கிரமே சாப்பிட்டு முடிப்பதில்தான். நாளைய விலையை ஊகித்து மூட்டை அடுக்குவதில் அந்த மிச்சம் கிடைக்காது.

ஊகம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008-ன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. அந்த நேரத்தில் உலகளவில் நெல் விளைச்சல் குறைந்திருக்கவில்லை. இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. இறக்குமதி செய்யும் நாடுகள் அவசர அவசரமாக வாங்கிக் குவித்தன. ஆளாளுக்குப் பயந்து வாங்கியதே விலையை ஏற்றியது. அந்த வருடம் முடிவதற்குள் விலை உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் சமையல் எண்ணெய்க்கும் இதுவே நடந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிடும் தாவர எண்ணெய் விலைக் குறியீடு அந்த வருடம் மார்ச்சில் வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. 2023-ன் நடுப்பகுதியில் அது உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உலகச் சந்தை இறங்கும் வேகத்தில் கடை விலை இறங்குவதில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் உச்ச விலையில் ஒரு வருடத்துக்கான எண்ணெய் வாங்கி அடுக்கியவர், விலை இறங்கிய பிறகும் பழைய விலை எண்ணெயைத்தான், அதுவும் வாடை மாறத் தொடங்கியதைத்தான், ஊற்றிச் சமைத்திருப்பார்.

இனி தட்டுப்பாடு. 2020-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது பல நாடுகளில் கடை அலமாரிகள் காலியாயின. உலகில் தானியம் இல்லாமல் போகவில்லை. வீட்டுக்கு வீடு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று மடங்கு வாங்கினார்கள். உணவகங்களுக்கும் பேக்கரிகளுக்கும் பெரிய மூட்டைகளில் போய்க்கொண்டிருந்த மாவைச் சின்னப் பொட்டலங்களில் போட ஆலைகளுக்கு அவகாசம் தேவைப்பட்டது. பெரும்பாலான பொருட்கள் சில வாரங்களில் திரும்பி வந்தன. கையில் ஒரு மாத இருப்பு இருந்தவர்கள் அந்த வாரங்களில் கூட்டத்தில் நிற்காமல் தப்பினார்கள். உணவு இருப்பு உங்களுக்கு வாங்கித் தருவது இந்த அவகாசத்தைத்தான். மற்றவர்கள் அலைமோதும்போது நீங்கள் கடைக்குப் போகாமல் இருக்கலாம், ஒரு பொருள் விலை ஏறியிருக்கும்போது அதை வாங்காமல் தள்ளிப்போடலாம்.

அரசுகள் மக்களுக்குச் சொல்லும் அளவும் இதை ஒட்டியே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் 72 மணி நேரத்துக்கு என்றது. ஸ்வீடன் ஒரு வாரம் என்கிறது, ஜெர்மனி பத்து நாள் என்கிறது. விலையேற்றத்தையும் சேர்த்து யோசித்தே நான் ஆறு வாரம் என்று கூட்டிச் சொல்கிறேன். ஒரு வருடம் என்பது எவ்வளவு என்று எடை போட்டுப் பார்த்தீர்களா? தானியம் மட்டும் ஒருவருக்கு நாளைக்கு 300 கிராம் என்றால், ஐந்து பேருக்கு வருடத்துக்குச் சுமார் 550 கிலோ. 25 கிலோ மூட்டையில் இருபத்திரண்டு. ஆறு வாரத்துக்கு இரண்டரை மூட்டை போதும். பருப்பு வகைகள் ஒருவருக்கு 60 கிராம் என்றால் 12 முதல் 13 கிலோ. இவ்வளவை ஒரு சாதாரண வீட்டில் காற்றோட்டமாக வைத்து, சுழற்றி, காலி செய்ய முடியும். இருபத்திரண்டு மூட்டையை முடியாது. வீடு மாற வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

அவசரப் பணத்தைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கடையில் உணவு இல்லாமல் ஒரு குடும்பம் தவிப்பதைவிட, கடையில் உணவு இருந்தும் வாங்கக் காசில்லாமல் தவிப்பதே மிக அதிகம். 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதைத்தான் எடுத்துக்காட்டினார். கூலிக்காரர்கள், மீனவர்கள் போன்றோரின் வருமானத்துக்கும் அரிசி விலைக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்ததே அவர்களைக் கொன்றது என்பது அவர் முடிவு. அந்தப் பேரழிவை ஒரு நடுத்தர வீட்டு வரவு செலவோடு ஒப்பிடவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகளை வரிசைப்படுத்தினால் வேலை போவது, சம்பளம் தள்ளிப்போவது, மருத்துவமனைச் செலவு ஆகியவை முதலில் வரும். பணம் இருந்தால் அரிசி வாங்கலாம், வாடகை கட்டலாம், பள்ளிக் கட்டணம் கட்டலாம். அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நான்கு மாதப் பணமே சுமார்தான். அதை ஆறு மாதமாக வளர்க்கப் பாருங்கள், பாதியாக்காதீர்கள்.

அப்படியானால் இருப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? மாத மளிகைத் தொகையிலிருந்தே. உங்கள் மளிகைச் செலவில் பாதி உலர் பொருள் என்றால், மாதா மாதம் 10 சதவீதம் கூடுதலாக ஒதுக்கினால் ஏழெட்டு மாதத்தில் ஆறு வார இருப்பு வந்துவிடும். ஒரு மாதம் அரிசியில் கூடுதல், மறுமாதம் பருப்பில், அதற்கடுத்த மாதம் எண்ணெயில். இருப்பு நிரம்பிய பிறகு அந்த 10 சதவீதத்தை அப்படியே அவசரப் பணத்துக்குத் திருப்பிவிடுங்கள். இது மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மெதுவாகச் சேர்ப்பதால் ஒரே நாளின் விலையில் மாட்டிக்கொள்வதில்லை.

வாங்கும்போது ஒரே விதிதான்: இப்போது உங்கள் வீட்டில் சாப்பிடாததை இருப்பில் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் இன்று தொடாத டின் உணவை நெருக்கடி வந்தால் மட்டும் சாப்பிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். புதிதாக வாங்கியதைப் பின்னால் வையுங்கள், பழையதை முன்னால் எடுத்துச் சமையுங்கள். வாங்கிய மாதத்தை டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். பிஸ்கட், நொறுக்குத் தீனியை மொத்தமாக வாங்காதீர்கள், வீட்டில் அதிகம் இருந்தால் அதிகம் தீரும், அவ்வளவுதான்.

எது எவ்வளவு நாள் தாங்கும் என்பது பணக் கணக்கில் பாதி. உப்பும் சர்க்கரையும் ஈரம் படாமல் இருந்தால் கெடுவதே இல்லை. தீட்டிய வெள்ளை அரிசி நன்றாக மூடிய டப்பாவில் வருடக்கணக்கில் நிற்கும். தவிடு நீக்காத அரிசியிலும் முழுக்கோதுமை மாவிலும் எண்ணெய்ப்பசை இருப்பதால் சில மாதங்களில் சிக்குவாடை வரும், அவற்றைக் குறைவாக வாங்குங்கள். பழைய பருப்பும் பயறும் சாப்பிடக் கேடில்லை என்றாலும் வேக நேரமாகும், அதற்கு எரிபொருள் செலவாகும். எண்ணெய்க்கு வெளிச்சமும் வெப்பமும் எதிரி. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்காதீர்கள். வண்டுத் தொல்லை இருந்தால், சின்னப் பொட்டலங்களை ஃப்ரிட்ஜின் உறைநிலைப் பெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும், வெளிப்புற ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு டப்பாவில் போடுங்கள். பூஞ்சை பிடித்த தானியத்தையும் நிலக்கடலையையும் கழுவிச் சமைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்னும் நச்சு சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. காசு போனாலும் அதைக் கொட்டிவிடுங்கள்.

ஃப்ரீசரை இப்போதைக்கு விட்டுவிடலாம். வாங்கும் விலை, மாதா மாத மின்சாரம் இரண்டையும் சேர்த்தால் அதில் வைக்கும் உணவின் மிச்சம் எளிதில் கரைந்துவிடும். மின்சாரம் போனால், நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். நெருக்கடிக்கென்று சேர்ப்பது, நெருக்கடியில் முதலில் நிற்கக்கூடிய மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாது.

இதே காரணத்தால் தண்ணீரையும் எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். தண்ணீரும் எரிபொருளும் இல்லாமல் அரிசியும் பருப்பும் உணவாகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 3 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். சமைக்காமலே சாப்பிடக்கூடியதும் மூன்று நாளைக்கு இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம், பயனோ உங்கள் பட்டியலில் உள்ள எதையும்விட அதிகம்.

கடைகளில் கூட்டம் அலைமோதத் தொடங்கிய வாரத்தில் இருப்புச் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள், வழக்கமான அளவை மட்டும் வாங்குங்கள். அந்த வாரத்து விலை உங்களுக்கும் நட்டம். தினக்கூலியில் அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும் குடும்பத்துக்கு அலமாரியில் ஒன்றும் மிஞ்சாது. இருப்பு சேர்க்க அமைதியான மாதங்களே சரியான காலம்.

மாமியார் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். உலர் இருப்பில் மாவுச்சத்து இயல்பாகவே கூடிவிடும். அவருக்காகப் பயறு, பருப்பு, கொட்டை வகைகளின் பங்கைக் கூட்டுங்கள். அவருடைய மாத்திரை ஒரு மாதத்துக்குக் கூடுதலாகக் கையில் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், நீங்கள் முதலில் வாங்கி வைக்க வேண்டியது அரிசியைவிட அந்த மாத்திரைதான்.