வாசகர் கேள்வி – பதில்: புல்லட் ரயில் எட்டாத ஜப்பான்

கேள்வி: டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றையும் பார்த்துவிட்டோம். அடுத்த முறை கூட்டம் குறைவான ஊர்களுக்குச் செல்ல விரும்புகிறோம். எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஷிகோகு தீவுக்குச் செல்லுங்கள். ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் புல்லட் ரயில் எட்டாதது இது ஒன்றுதான். அவசரப் பயணிகள் இதைத் தவிர்ப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முதன்மைத் தீவிலுள்ள ஓகாயாமா வரை புல்லட் ரயிலில் வந்து, 1988-இல் திறக்கப்பட்ட சேத்தோ பெரும்பாலத்தைக் கடக்கும் ரயிலில் மாறி ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் தாகாமாட்சு நகரை அடையலாம்.

ஆனால், நகரத்தோடு நின்றுவிடாமல், தீவின் நடுவில் உள்ள இயா பள்ளத்தாக்குக்கும் போய்வர வேண்டும். 1185-இல் கடற்போரில் தோற்ற ஹெய்க்கே என்ற போர்வீரர் குலத்தார் இங்கு வந்து ஒளிந்துகொண்டதாகவும், பகைவர் வந்தால் நொடியில் வெட்டிவிட வசதியாகக் காட்டுக்கொடிகளால் பாலம் கட்டியதாகவும் ஊர்க்கதை சொல்கிறது. சுமார் 45 மீட்டர் நீளமுள்ள அந்தக் கொடிப்பாலத்தை இன்றும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள். கொடிகளுக்குள் இரும்பு வடம் மறைந்திருப்பதால் ஆபத்து இல்லை. என்றாலும், காலடிக் கட்டைகளுக்கிடையே 14 மீட்டர் கீழே ஆறு ஓடுவது தெரியும்போது கைகள் தாமாகவே பக்கக் கொடியைப் பற்றிக்கொள்ளும். அருகிலுள்ள ஒபோகே ரயில் நிலையத்திலிருந்து பேருந்துகள் மிகக் குறைவு என்பதால், முதலில் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: அதே தீவில் 88 கோயில் யாத்திரை இருக்கிறதாமே? வெளிநாட்டவர் போகலாமா? முழுவதும் நடந்தேதான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: யாரும் போகலாம். முழுச் சுற்று சுமார் 1,200 கிலோமீட்டர். நடந்தே முடிக்க ஆறு வாரங்களுக்கு மேலும் ஆகலாம் என்பதால், பேருந்திலோ காரிலோ செல்பவர்களே ஜப்பானியரிலும் அதிகம். நான்கைந்து கோயில்களை மட்டும் நடந்து பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. நருத்தோ நகரிலுள்ள முதற்கோயிலான ரியோசென்ஜியில் தொடங்கினால், அடுத்த சில கோயில்கள் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. யாத்ரீகரின் வெள்ளை மேலாடையும் கைத்தடியும் கண்டால், வழியில் முன்பின் தெரியாதவர்கள் பழமோ தேநீரோ கொண்டுவந்து தருவார்கள். ‘ஒசெத்தாய்’ எனப்படும் இந்த உபசாரத்தை மறுப்பது மரியாதை அல்ல.

இந்த யாத்திரையின் நாயகரான பௌத்தத் துறவி கூக்காய் (774–835) சீனத்தில் கற்றுவந்த தாந்திரிக பௌத்தத்தின் குரு வரிசையில், பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் சென்ற வச்சிரபோதியும் ஒருவர் என்பது நம் வாசகர்களுக்கான கூடுதல் செய்தி.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தாகாமாட்சு வட்டாரத்தின் பெயர்பெற்ற ஊதோன் கோதுமை நூடுல்ஸில் மீன் துண்டு கண்ணில் படாது. குழம்புச் சாறோ கருவாட்டில் காய்ச்சியது. எனவே ‘மீன் வேண்டாம்’ என்பது போதாது, ‘தாஷி’ எனப்படும் அந்தச் சாறும் வேண்டாம் என்று கேளுங்கள். வெறும் சோயா சாஸ் ஊற்றித் தரும் ‘கிஜோயு ஊதோன்’ ஓரளவு பாதுகாப்பானது. யாத்ரீகர்களைத் தங்கவைக்கும் கோயில் விடுதிகள் சிலவற்றில் துறவியரின் சைவச் சமையல் உண்டு. அறையைப் பதிவு செய்யும்போதே அதையும் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.