கடைமடை உவர்மண் கட்டுரை: செனோடோவில் எந்தப் பிரதியை ஏற்றலாம்?

இணையத்தில் போட்ட உங்கள் கட்டுரையை நீக்கச் சொல்லிக் கடிதம் வந்ததாகவும், ஆய்வுகளை இலவசமாகப் பகிரும் இணையக் களஞ்சியமான செனோடோவில் எந்தப் பிரதியை ஏற்றலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். இதழ் வடிவமைத்த பிடிஎஃப் வேண்டாம். மதிப்பாய்வுத் திருத்தங்கள் முடிந்து, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் இறுதிக் கையெழுத்துப் பிரதியை ஏற்றுங்கள். அந்தக் கடிதம் வந்ததற்கு அநேகமாக இதழ் வடிவமைத்த அச்சுப் பக்கங்களே காரணம். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திட்டதும் அவை பெரும்பாலும் வெளியீட்டாளர் வசம் போய்விடுகின்றன.

ஏற்றும் முன், இதழ்களின் பகிர்வு விதிகளைக் காட்டும் தளமான ஓப்பன் பாலிசி ஃபைண்டரில் (பழைய பெயர் ஷெர்பா ரோமியோ) இதழின் ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண்ணைத் தேடுங்கள். ஏற்கப்பட்ட பிரதிக்கு என்ன அனுமதி, அதைப் பொதுவில் திறக்க எத்தனை மாதத் தடை என்று பாருங்கள். தடை இருந்தால் செனோடோவிலேயே திறக்கும் தேதியைக் குறித்துவைக்கலாம். இதழ் கட்டுரைக்குத் தந்த நிரந்தர இணைய அடையாளமான டிஓஐயைத் தொடர்புடைய படைப்புகள் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.

வேதாரண்யம் பக்கம் எடுத்த, மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் அளவீடுகளைத் தனிக் கோப்பாகவும் போடுங்கள். கட்டுரையைவிட அதுதான் அங்குள்ள வேளாண் அலுவலருக்கும் அடுத்த மாணவருக்கும் உதவும். இதழ்களுக்குச் சந்தா கட்ட முடியாத கல்லூரிகள் டெல்டாவில் நிறைய.

ஆனால் விவசாயிகளின் பெயரையும் புல எண்ணையும் முதலில் எடுத்துவிடுங்கள். இணை ஆசிரியர்களின் சம்மதமும் வேண்டும். வெளியிட்டபின் நினைத்தபோதெல்லாம் அழிக்க முடியாது.